இருநூத்திப் பதிமூணாவது கம்ப்ளைண்ட்

சத்தமாவே பேசுங்கம்மா. எதுக்கு இப்படிக் குசுகுசுன்னு? சீக்காளி இருக்கற வீட்டுல மெதுவாப் பேசணும்னு கம்பெனியில சொல்லிக்குடுத்திருப்பாங்க, நல்ல பழக்கம்தான். ஆனா எனக்கு ஒரு காது கொஞ்சம் மந்தம். இங்க யாரும் தூங்கவும் இல்ல. உக்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இப்படி சோபாவுல உக்காருங்க.

ஆமா, நான்தான் அது. முதல்ல போன்ல ஒருத்தர், அப்புறம் மெயில்ல ஒருத்தர், இப்ப நேர்ல நீங்க. பொம்பளைய அனுப்பினா வேலை நடக்கும்னு மீட்டிங்ல யாரோ சொல்லியிருக்கணும். கோச்சுக்காதீங்க, என் வாய் அப்படி. எங்க மாமியார் இருவது வருஷம் சொல்லிச் சொல்லி ஓஞ்சு போனாங்க.

நீங்க சுத்தி வளைக்காம விஷயத்துக்கு வந்தீங்க, அது எனக்குப் பிடிச்சுது. உங்க ஆக்ஸிஜன் மெஷின் மேல இதுவரைக்கும் இருநூத்திப் பதிமூணு கம்ப்ளைண்ட். இருநூத்திப் பன்னெண்டு தீர்த்தாச்சுன்னு பச்சையில இருக்கு. ஒண்ணே ஒண்ணு சிவப்புல நிக்குது. அந்த ஒண்ணு நான். வெள்ளிக்கிழமை ஏதோ பெரிய ஆஸ்பத்திரிக்காரங்க உங்க ரெக்கார்டைப் பாக்கப் போறாங்க. அதுக்குள்ள போன்ல வர்ற அந்த நாலு நம்பரை நான் உங்ககிட்ட சொல்லணும், நீங்க தட்டணும், சிவப்பு பச்சையாகணும். அவ்வளவுதானே? புது மெஷின் வேற கீழ வண்டியில இருக்குங்கறீங்க. சரி. நம்பரைக் குடுக்கறதா வேண்டாமான்னு நான் இன்னும் முடிவு பண்ணல. நிஜமாத்தான் சொல்றேன், விளையாட்டு காட்டல. காபி போட்டாச்சு, எடுத்துக்கோங்க. சக்கரை கம்மியா இருந்தா சொல்லுங்க.

எங்க குடும்பத்துல நான் யாருன்னு உங்களுக்குத் தெரியாது. சின்ன நாத்தனார் மிக்ஸி வாங்கணும்னா எனக்கு போன். கொழுந்தனாருக்குப் பல்வலி, எந்த டாக்டர்கிட்ட போறதுன்னு எனக்கு போன். என் ஓரகத்தி பொண்ணை ஹாஸ்டல்ல சேக்கறதுக்கு முன்னாடி, பெத்தவ போய்ப் பாக்கல, நான் இங்க உக்காந்து அந்த ஹாஸ்டலோட ரேட்டிங்கைப் பாத்துச் சொன்னேன். அவ்வளவு நம்பிக்கை. எங்க வீட்டுக்காரர் என்னை இன்ஸ்பெக்டரம்மான்னுதான் கூப்பிடுவார். அவருக்கு ரேட்டிங்னா என்ன தெரியுமா? கடை வீட்டுக்கு எவ்வளவு பக்கத்துல இருக்குங்கறதுதான்.

எனக்குன்னு ஒரு முறை இருக்கு. அஞ்சு ஸ்டார் போட்டவங்க எழுதினதை நான் படிக்கறதே இல்ல. பாதிப் பேர் கடைக்காரரோட சொந்தம், மீதிப் பேர் கடை ஆளு எதிர்ல பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கறானேன்னு போட்டவங்க. ஒரு ஸ்டாரையும் படிக்க மாட்டேன். வீட்டுல யார்கிட்டயோ பேச முடியாத கோவத்தை இங்க வந்து கொட்டறவங்க அவங்க. மூணு ஸ்டார் போடறவங்கதான் மனுஷங்க. அதுலயும் காற்புள்ளி எல்லாம் அந்தந்த இடத்துல உக்காந்திருந்தா எனக்கு சந்தேகம் வந்துடும். நிஜமா ஒரு பொருளை வாங்கி அவஸ்தைப்பட்டவ காற்புள்ளிக்கு நின்னு யோசிக்க மாட்டா. நான் கான்வென்ட்ல படிச்சவ. மத்ததுல எப்படியோ, காற்புள்ளியில என்னை யாரும் ஏமாத்த முடியாது.

இதெல்லாம் எதுக்குச் சொல்றேன்னா, உங்க கம்பெனியை நான் கண்ணை மூடிக்கிட்டுத் தேர்ந்தெடுக்கலன்னு தெரியணும். நீங்க பாட்டுக்கு ஏதோ விவரம் தெரியாத பொம்பளைன்னு நினைச்சுடக் கூடாது.

எங்க வீட்டுக்காரருக்கு முப்பத்தோரு வருஷம் பெயிண்ட் கம்பெனியில வேலை. கலர் கலக்கற பிரிவு. நீங்க சுவத்துக்கு ஒரு பச்சை கேட்டா, அதுல எத்தனை சொட்டு மஞ்சள் கூடப் போகணும்னு கண்ணாலயே சொல்லிடுவார். அந்தத் தூசியெல்லாம் உள்ள போய் நெஞ்சுல உக்காந்துடுச்சு. ரிட்டயர் ஆகி நாலாவது வருஷம் டாக்டர் படத்தைக் காட்டி, நுரையீரல் பழைய ஸ்பாஞ்சு மாதிரி ஆயிடுச்சு, இனிமே வீட்டுலயே ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரம் ஆக்ஸிஜன் வெக்கணும்னார். மெஷின் வாங்கவும் செய்யலாம், வாடகைக்கும் எடுக்கலாம், நல்ல இடமாப் பாத்துக்கோங்கன்னு சொல்லிட்டார். நல்ல இடமாப் பாக்கறதுதான் எனக்குக் கைவந்த வேலையாச்சே.

ரெண்டு தெரு தள்ளி ஒரு கடை இருந்தது. இருக்கு. அவரும் மெஷின் வாடகைக்கு விடறவர்தான். ரெண்டே முக்கால் ஆள் நிக்கற அளவு கடை, உள்ள கடுவன் பூனை மாதிரி ஒரு மூஞ்சி. ரேட்டிங் ரெண்டு புள்ளி ஒண்ணு. மூணு ஸ்டாரே யாரும் போடல, அதனால என் முறையை விட்டு ஒரு ஸ்டாரைப் படிச்சேன். இந்த ஆளு மெஷின் தர மாட்டேங்கறார். டாக்டர் சீட்டை ரெண்டு தடவை வாங்கிப் படிக்கறார். வீட்டுக்கு வந்து பாக்காம குடுக்க மாட்டாராம். கூடவே ஒரு சிலிண்டர் எடுத்தாத்தான் ஆச்சுன்னு அடம் பிடிக்கறார். இதுதான் நீ நோயாளியைப் பாத்துக்கற லட்சணமான்னு என்னையே திட்டினார். இதேதான், ஒருத்தர் விடாம.

சரி, நேர்லயும் பாத்துடலாம்னு போனேன். வீட்டுல கரண்ட் எத்தனை தடவை போகும், அவர் படுக்கற ரூம்ல எத்தனை ப்ளக், அவரைத் தவிர வீட்டுல யாரு, உன்னால மாடிப்படி ஏற முடியுமான்னு கேள்வி மேல கேள்வி. எங்க வீட்டுல கரண்ட் போனா உங்களுக்கு என்னன்னு கேட்டேன். எனக்கு ஒண்ணும் இல்லம்மா, அவருக்குத்தான்னார். கையில மிக்சர் பொட்டலம் இருந்தா மூஞ்சியில கொட்டியிருப்பேன். திரும்பிப் பாக்காம வந்துட்டேன்.

உங்களுது நாலு புள்ளி எட்டு. அதுக்கு நான் மயங்கல. அந்தப் புகார்ப் பதிவு இருக்கு பாருங்க, யார் என்ன கம்ப்ளைண்ட் குடுத்தாங்க, தீர்ந்ததா இல்லையான்னு பொதுவுல போடறாங்களே, அதைப் பாத்தேன். அப்ப நூத்தித் தொண்ணூத்தெட்டு. நூத்தித் தொண்ணூத்தெட்டும் பச்சை. இவர்கிட்டகூடக் காட்டினேன். பாருங்க, குறையே வராத கம்பெனின்னா அது புளுகு. குறை வந்து, அத்தனையும் சரி பண்ணியிருக்காங்கன்னா அதுதான் நாணயம்னேன். அவர் கண்ணாடியைத் தூக்கிப் பாத்துட்டு, ஒண்ணுகூடத் தப்பாம நூத்துக்கு நூறு வாங்கற பையனை நான் நம்ப மாட்டேன் இன்ஸ்பெக்டரம்மான்னார். நீங்க ஸ்கூல்ல முப்பது வாங்கினவர், பேசாதீங்கன்னேன்.

பன்னெண்டு நாள் மெஷின் ஒழுங்கா ஓடுச்சு. அதைச் சொல்லாம இருக்கக் கூடாது. பதிமூணாவது நாள் மஞ்ச விளக்கு எரிஞ்சுது. புஸ்தகத்தை எடுத்துப் படிச்சேன். மஞ்ச விளக்கு எரிஞ்சா வர்ற காத்துல ஆக்ஸிஜன் கம்மின்னு போட்டிருந்தது. உடனே கம்ப்ளைண்ட் குடுத்தேன். மெஷினிலிருந்து போதிய ஆக்ஸிஜன் வரவில்லை, நோயாளிக்கு மூச்சு விடச் சிரமமாக இருக்கிறது. ரெண்டே வரி. காற்புள்ளியோட.

மறுநாளே டெக்னீஷியன் வந்தார். தலை நரைச்ச மனுஷன், பேச்செல்லாம் மரியாதைதான். மெஷினை அணைச்சார், பின்னாடி இருந்த வலையைக் கழட்டித் தட்டினார், துடைச்சார், திரும்பப் போட்டார். மஞ்ச விளக்கு இல்ல. அஞ்சு நிமிஷம். பையை மூடறதுக்கு முன்னாடியே, அம்மா ஒரு நம்பர் வந்திருக்கும் சொல்லுங்கன்னார். எதுக்குன்னேன். கம்ப்ளைண்டை முடிக்கன்னார். முடிஞ்சுதான்னு சாயங்காலம் வரைக்கும் ஓடினாத்தானே தெரியும், நாளைக்குச் சொல்றேன்னேன். இன்னிக்கே முடிக்கலன்னா எனக்குப் புள்ளி குறையும்மான்னார். மறைக்கல, உள்ளதைத்தான் சொன்னார். உள்ளேர்ந்து இவர் கையை ஆட்டறார். குடுத்துடேன், வயசான மனுஷனை நிக்க வெச்சுக்கிட்டுன்னு. முடியவே முடியாதுன்னுட்டேன். செய்யாத வேலைக்கு சரின்னு எழுதக் கூடாதுன்னுதான் எனக்குச் சொல்லிக்குடுத்திருக்காங்க. நாலாம் கிளாஸ்ல ஒரு சிஸ்டர், செய்யாத வீட்டுப்பாடத்துக்கு நான் டிக் போட்டுக்கிட்டேன்னு ஒரு நாள் முழுக்க கரும்பலகைக்குப் பக்கத்துல நிக்க வெச்சாங்க. அன்னிக்கு ஏறினது இன்னும் இறங்கல.

அந்த டெக்னீஷியன் தண்ணி குடிச்சுட்டுப் போய்ட்டார். மணி நாலரைக்கு மஞ்ச விளக்கு எரிஞ்சுது. பாத்தீங்களான்னு இவர்கிட்ட போய்ச் சொன்னேன். என்னமோ பரிசு வாங்கின மாதிரி.

இருங்க, நடுவுல பேசாதீங்க. உங்க விதிமுறை எனக்குத் தெரியும், உங்களைவிட நல்லாவே தெரியும். இப்பத்தான் தெரியும்.

அந்த இருநூத்திப் பன்னெண்டு பேர் எப்படித் தீர்ந்தாங்கன்னு நான் கேட்டுப் பாத்தேன். அந்தப் பதிவுலயே கீழ எழுதலாம் இல்லையா, வரிசையா ஒரு நாப்பது பேருக்கு எழுதினேன். எனக்கு இப்ப நேரம் நிறைய இருக்கு. ஏழு பேர் பதில் போட்டாங்க. ஒருத்தர், ஆளு வாசல்ல நின்னுக்கிட்டே இருந்தார், பாவமா இருந்தது, நம்பரைச் சொல்லிட்டேன்னார். இன்னொருத்தி, நீங்க ரெண்டு தடவை கூப்பிட்டு அவ எடுக்காததால தானா மூடிடுச்சாம். அவ அப்ப ஆஸ்பத்திரி வராந்தாவுல போனை அணைச்சு வெச்சுட்டு உக்காந்திருந்தா. ஒருத்தர் மெஷினை மாத்தி இன்னும் மோசமானது வந்துச்சு, அலுத்துப் போய் வேற இடம் பாத்துக்கிட்டேன்னார். ஒருத்தருக்கு நிஜமாவே சரி பண்ணிக் குடுத்திருக்கீங்க. அதையும் சொல்லிடறேன், நான் நியாயம் தெரியாதவ இல்ல. மத்தவங்களுக்கு ஞாபகமே இல்ல, நான் கம்ப்ளைண்ட் குடுத்தேனான்னு என்னையே கேக்கறாங்க. அவங்க கேக்கறதை நிறுத்தினதைத்தான் நீங்க பச்சையில எழுதி வெச்சிருக்கீங்க. நான் அதை வெச்சு ஒரு மனுஷனுக்கு மூச்சு வாங்கினேன்.

உங்களைச் சொல்லல. நீங்க வேலை பாக்கறீங்க. உங்களுக்கும் புள்ளி இருக்கும், குறைக்க ஒருத்தன் இருப்பான்.

போன வாரம் அந்தக் கடுவன் பூனை கடைக்குப் போனேன். உங்களை ரெண்டு புள்ளி ஒண்ணுன்னு தப்பா நினைச்சுட்டேன், அஞ்சு ஸ்டார் போட்டு நாலு வரி எழுதட்டுமான்னு கேட்டேன். சும்மா போற ஆளை இழுத்து விடாதம்மா, நல்லா இருக்குன்னு எழுதினா நாப்பது பேர் வருவான், நாப்பது வீட்டுக்கு என்னால மாடிப்படி ஏறிப் போய்ப் பாக்க முடியாது, பன்னெண்டு வீடுதான் எனக்குக் கணக்குன்னார். அப்பவும் வள்ளுன்னுதான். அந்த சிலிண்டரை எதுக்குக் கூடவே குடுக்கறீங்கன்னு கேட்டேன். மெஷின்ல மஞ்ச விளக்கு எரிஞ்சா சிலிண்டருக்கு மாத்திட்டு எனக்கு போன் பண்ணுவாங்க, இது என்ன பெரிய ரகசியமான்னார். நான் திரும்பி வந்துட்டேன். அவரைப் பத்தி எதுவும் எழுதல. ரெண்டு புள்ளி ஒண்ணாவே இருக்கட்டும்.

டெக்னீஷியன் வந்து போன நாலாவது நாள் என்ன ஆச்சுன்னா? அதைத்தான் கேக்கறீங்கன்னு தெரியுது, இதுக்கு முன்னாடி பேசினவங்க யாரும் இவ்வளவு நேரம் கேக்கல.

மூணு நாள் போன் பண்ணேன். ஒவ்வொரு தடவையும், உங்கள் புகார் கவனிக்கப்பட்டு வருகிறதுன்னு ஒரு குரல். நாலாவது நாள் காலையில பதினோரு மணி இருக்கும். மெஷின் கூவ ஆரம்பிச்சுது. சிவப்பு விளக்கு. போனைப் போட்டேன். இந்த முறை ஒரு பொண்ணு எடுத்தா, நல்ல பொண்ணு. மெஷின் நம்பரைக் கேட்டா, பாத்தா. மேடம், இந்த மெஷின் மேல ஏற்கனவே ஒரு கம்ப்ளைண்ட் திறந்து இருக்கு, அது இருக்கற வரைக்கும் புதுசா பதிய கம்ப்யூட்டர் விடாதுன்னா. அந்த நாலு நம்பரைச் சொல்லுங்க, பழசை மூடிட்டு இதை அவசரம்னு போடறேன், ரெண்டு மணி நேரத்துல ஆள் வந்துடும்னா.

நான் என்ன பண்ணேன் தெரியுமா? சண்டை போட்டேன்.

பழசே தீராதப்ப எப்படி மூடுவேன்னேன். அது பொய்யில்லையான்னேன். மூடினதும் அது பச்சைக்குப் போய்டும், நாளைக்கு இன்னொருத்தி அதைப் பாத்து ஏமாறுவான்னேன். எல்லாம் சரியான பாயிண்ட். இங்கிலீஷ்ல வேற, எனக்குக் கோவம் வந்தா இங்கிலீஷ் நல்லா வரும். அந்தப் பொண்ணு சூப்பர்வைசருக்குக் குடுத்தா. அவர்கிட்ட முதல்லேர்ந்து சொன்னேன். அவர் நாலு தடவை மன்னிப்புக் கேட்டார். எண்ணிக்கிட்டே இருந்தேன், நாலு. இருபது நிமிஷம். இவர் அங்க கட்டில்ல உக்காந்து ஒரு தடவை கையைத் தூக்கினார். ஒரு நிமிஷம்னு நான் இப்படி உள்ளங்கையைக் காட்டினேன். பேச்சுல இருந்தேன் பாருங்க.

கடைசியில நான்தான் ஜெயிச்சேன். பழசை மூடாமலே தனியா ஆள் அனுப்பறேன்னு ஒத்துக்கிட்டார். போனை வெச்சுட்டுத் திரும்பினேன். இவர் சட்டைப் பொத்தானைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தார். உதடு நீலமா இருந்தது. எங்க வீட்டுல நீலத்துக்கே பதினாலு விதமான பேர் உண்டு, எல்லாம் அவர் சொல்லிக்குடுத்தது. அந்த நீலத்துக்கு எனக்குப் பேர் தெரியல.

ஆம்புலன்ஸ் சீக்கிரமே வந்துச்சு. அதையெல்லாம் குறை சொல்ல முடியாது. இருபது நிமிஷத்துல எதுவும் மாறியிருக்காதும்மான்னு டாக்டர் சொல்றார். அவருக்கு ரேட்டிங் நாலு புள்ளி ஏழு, பாத்தேன்.

காபி ஆறிடுச்சு. வேற போடவா? சரி.

தினம் காலையில எழுந்ததும் அந்தப் பதிவைத்தான் திறந்து பாக்கறேன். சிவப்புல ஒண்ணு. அது இருக்கற வரைக்கும் யாராவது ஒருத்தி நின்னு, இது என்னன்னு படிப்பான்னு ஒரு நினைப்பு. நேத்து அதுக்குக் கீழ ஒருத்தி எழுதியிருக்கா. இருநூத்திப் பன்னெண்டைத் தீர்த்தவங்க இந்த ஒண்ணை விட்டிருக்காங்கன்னா வாடிக்கையாளர்தான் சரியில்லாதவரா இருக்கணும், நான் இந்தக் கம்பெனியிலயே எடுக்கப் போறேன்னு. என்னை மாதிரியே யோசிக்கறா. காற்புள்ளிகூட இல்ல, உண்மையான பொம்பளைதான். அவளுக்குப் பதில் எழுதினேன், அந்தக் கடுவன் பூனை கடையோட போன் நம்பரைக் குடுத்தேன். ரெண்டு புள்ளி ஒண்ணான்னு சிரிக்கற பொம்மை ஒண்ணு போட்டு அனுப்பியிருக்கா.

சரி, அந்த ஃபார்மைத் திறங்க. கொண்டு வந்திருக்கீங்களே, திறங்க. நம்பர் கடைசியிலதான் கேக்குமா? முன்னாடி என்ன இருக்கு? படிங்க, என் கண்ணாடி உள்ள இருக்கு. மெஷின் வீட்டில் உள்ளதா. இருக்கு, உள் ரூம்ல ஜன்னலோரம். போகும்போது அதைத் தூக்கிட்டுப் போங்க, கீழ இருக்கற புதுசை ஏத்த வேண்டாம். அந்த ட்யூப்ல காது படற இடத்துல அவர் பஞ்சு சுத்தி வெச்சிருக்கார், அதை நானே கழட்டி எடுத்துக்கறேன். அடுத்தது என்ன? குறை இப்போதும் தொடர்கிறதா. ஆமா, இல்ல, ரெண்டுல ஒண்ணா?

இல்லன்னு போடுங்க.

நிஜமாத்தான் சொல்றேன். இவ்வளவு நேரம் கேட்டீங்களே, இல்லாததைச் சொல்ற ஆளா நான்? நோயாளிக்கு மூச்சு விடச் சிரமம்னுதானே எழுதிக் குடுத்தேன். அவர் போய் இன்னியோட இருபத்தாறு நாள் ஆச்சும்மா. சிரமம் எதுவும் இல்ல இப்ப. ஏன் கையை எடுத்துட்டீங்க? தட்டுங்க. இதோ, அவர் போனுக்கு நம்பர் வந்துடுச்சு பாருங்க, சார்ஜ் போட்டே வெச்சிருக்கேன். சொல்றேன், எழுதிக்கோங்க.